மாலா-என் அட்டையும் நடுவில் பட்ட கறையும்

ஜூலை 13
காலையில் பாவாடையில் கறை. சிவப்பு இல்லை, பழுப்பு நிறம், ஒரு ரூபாய்க் காசு அகலம். மாதவிலக்கு முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. இந்த மாதம்தான் மாலா-என் கருத்தடை மாத்திரை ஆரம்பித்தேன், விலக்கான முதல் நாளிலேயே. இரவு பாப்பா தூங்கியதும் அந்த மாத்திரைதான் முதல் வேலை, ஒரு நாளும் விட்டதில்லை. பிறகு ஏன் இப்படி? அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இருபத்தொரு வெள்ளை, ஏழு பழுப்பு. நடுவில் ரத்தம் வரும் என்று எங்கேயும் இல்லை.

ஜூலை 15
இன்றும் கம்பெனியில் பட்டது. பீஸ் ரேட்டில் தைக்கும்போது அடிக்கடி எழுந்து பாத்ரூம் போக முடியாது. பக்கத்து ஓவர்லாக் மிஷின் அக்கா பார்த்துவிட்டார். "சூடும்மா, வெந்தயம் ஊற வெச்சுக் குடி" என்றார். மாத்திரையைப் பற்றிச் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. அவருக்கும் இதே மாதிரிதான் ஆனதாம். ஒத்துக்கொள்ளவில்லை என்று பாதி அட்டையில் நிறுத்தியிருக்கிறார். "அப்புறம் உண்டானவன்தான் எங்க சின்னவன்" என்றார். பையன் மேல் உயிராக இருக்கிறார். ஆனால் அந்த வருஷம் வேலையும் போய், கடனும் ஏறிப் பட்ட பாட்டை அவர் சொன்னபோது எனக்கு மனசே ஆறவில்லை.

வீட்டுக்காரர் மெடிக்கலில் கேட்டாராம். ரத்தம் நிற்க வேறொரு ஹார்மோன் மாத்திரையை எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள், சீட்டும் இல்லை, ஒரு கேள்வியும் இல்லை. நான் அதைத் தொடவில்லை.

ஜூலை 18, ஆடி முதல் வெள்ளி
அத்தை விளக்கு ஏற்ற வேண்டாம் என்றார். இது விலக்கு இல்லை அத்தை என்றேன். அவருக்குக் கோபமெல்லாம் இல்லை, பயம்தான். மாத்திரை எல்லாம் கர்ப்பப்பையில் போய்ச் சேர்ந்து கட்டியாகிவிடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

ஜூலை 19
நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன். நர்ஸம்மா பிரஷர் பார்த்தார், சிறுநீரில் கர்ப்பச் சோதனை செய்தார், இல்லை என்று வந்தது. அப்புறம் வரிசையாகக் கேள்வி. மாத்திரை விட்டுப்போனதா? போட்டதும் வாந்தி எடுத்தாயா? காசநோய்க்கோ வலிப்புக்கோ மாத்திரை சாப்பிடுகிறாயா? ரிஃபாம்பிசின், ஃபெனிட்டோயின், கார்பமாசெபைன் போன்றவை இந்த மாத்திரையின் வேலையைக் குறைத்துவிடுமாம். உறவுக்குப் பிறகு ரத்தம், நாற்றமான வெள்ளைப்படுதல், அடிவயிற்று வலி உண்டா என்றும் கேட்டார். எதுவும் இல்லை.

"அப்ப பயப்படாதே" என்றார். ஒரு வெள்ளை மாத்திரையில் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் 0.03 மில்லிகிராம்தான், கூடவே லெவோநார்ஜெஸ்ட்ரெல் என்ற இன்னொரு ஹார்மோன் 0.15 மில்லிகிராம். இந்தக் குறைந்த அளவில் கர்ப்பப்பையின் உள்சவ்வு மெலிதாகிறது. உடம்பு இதற்குப் பழகும்வரை சவ்விலிருந்து அங்கங்கே கசியும். முதல் மூன்று மாதம் இது பலருக்கும் உண்டு. ஒழுங்காகப் போட்டுவந்தால், கசிகிறது என்பதற்காகக் கரு தங்கிவிடாது. பாதியில் நிறுத்தினால் தங்கலாம்.

அத்தையின் சந்தேகத்தையும் கேட்டேன். மாத்திரை வயிற்றிலேயே கரைந்து ரத்தத்தில் கலந்துவிடும், கர்ப்பப்பையில் போய்ச் சேராது என்றார். கெண்டைக்காலில் வலியும் வீக்கமும், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பார்வை மங்கும் கடுமையான தலைவலி, இவற்றில் ஒன்று வந்தாலும் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னார். மூன்று அட்டை முடிந்தும் கறை நிற்காவிட்டால் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

இதை அட்டை கொடுத்த அன்றே சொல்லியிருக்கலாமே அம்மா என்று கேட்டுவிட்டேன். அன்று கூட்டம் என்றார். எனக்கு அது போதவில்லை. இரண்டே வாக்கியம். அதைச் சொல்லாததால்தான் பெண்கள் பயந்துபோய்ப் பாதி அட்டையில் நிறுத்துகிறார்கள்.

ஜூலை 26
பழுப்பு மாத்திரை வாரம். நேற்று ரத்தம் வந்தது, வழக்கத்தைவிடக் குறைவு, வலியும் இல்லை. பழுப்பில் ஹார்மோன் கிடையாது, இரும்புச்சத்துதான். ஹார்மோன் நின்றதும் சவ்வு உதிர்கிறது. அட்டை முடிந்த மறுநாளே அடுத்ததைத் தொடங்க வேண்டும், ரத்தம் நிற்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

ஆகஸ்ட் 11
இந்த அட்டையில் இரண்டு தடவை லேசாகப் பட்டது, பேன்டி லைனரே போதும். அத்தை வெள்ளிக்கிழமை விளக்கேற்றச் சொன்னார். கேட்காமலே சொன்னார்.

செப்டம்பர் 18
மூன்றாவது அட்டையில் நடுவில் ஒரு சொட்டுகூட இல்லை. மிஷின் அக்காவிடம் சொன்னேன். அவருக்கு மாலா-என் என்றாலே இன்னும் பயம். 'சாயா' பற்றிச் சொல்லியிருக்கிறேன். லக்னோவில் கண்டுபிடித்த கருத்தடை மாத்திரை, அதில் ஹார்மோன் இல்லை. முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு, அப்புறம் வாரம் ஒன்று. அதில் விலக்கு தள்ளிப்போகலாம், அதையும் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். சனிக்கிழமை பர்மிஷன் போட்டு இருவரும் நர்ஸம்மாவிடம் போகிறோம்.