பட்டைக்கு அடியில்

அமெரிக்காவின் மிச்சிகனில் எங்கள் தெருவில் எஞ்சியிருந்த ஆஷ் என்னும் நிழல் மரத்தையும் நேற்று வெட்டிவிட்டார்கள். கீழே கிடந்த பட்டையை எடுத்துப் பார்த்தேன்: வெளியே ஆங்கில 'D' எழுத்தின் வடிவில் மிளகளவுத் துளைகள், உள்ளே வளைந்து நெளிந்த தடங்கள். ஆசியாவிலிருந்து வந்து, 2002இல் டெட்ராயிட் அருகே கண்டறியப்பட்ட மரகதப் பச்சை வண்டு இலையைக் கடிப்பதை மரம் தாங்கிக்கொள்ளும்; அதன் புழுக்களோ நீரும் உணவும் ஓடும் திசுக்களையே அரித்துவிடுவதால், சில ஆண்டுகளில் மரம் உச்சியிலிருந்து பட்டுப்போகிறது.

இவ்வண்டு பரவி ஆஷ் மரங்களை அழித்த மாவட்டங்களில் இதய நோயாலும் சுவாச நோயாலும் கூடுதலானோர் இறந்ததாக 2013இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. செவிலியரான எனக்கு அது வெறும் எண்ணாகத் தெரியவில்லை. வெப்ப அலை நாட்களில் அவசரப் பிரிவுக்கு எத்தனை செவிலியர் வேண்டும் என்று திட்டமிடுவோர், நிழல் இழந்த தெருக்களையும் கணக்கில் கொள்ள வேண்டும்.