பழுப்புப் பவளம்

ஆஸ்திரேலியக் கடலில் இருக்கும் பவளத்திட்டுக் கூட்டமான கிரேட் பேரியர் ரீஃப் போய் வந்தவர்கள் சிலர், "போட்டோவில் இருக்கிற கலர் அங்கே இல்லையே" என்று குறைப்பட்டுக்கொள்வதுண்டு. உண்மைதான். கெய்ன்ஸிலிருந்து படகேறிப் போய்க் கடலில் இறங்கினால் முதலில் கண்ணில் படுவது பெரும்பாலும் பழுப்பும் மங்கிய பச்சையும்தான். எனக்கு அந்தப் பழுப்பைத்தான் ரொம்பப் பிடித்தது.

பவளம் ஓர் உயிர்ப்பிராணி. பாலிப் என்ற சின்னஞ்சிறு பிராணிகள் கூட்டமாக வாழ்கின்றன. அவற்றின் சதைக்குள் நுண்பாசிகள் ஒண்டுக்குடித்தனம் இருக்கின்றன. வெயிலை வைத்துப் பாசி தயாரிக்கும் உணவில்தான் பவளத்தின் வயிறு பெரும்பாலும் நிறைகிறது. பழுப்பு அந்தப் பாசியின் நிறம். குவீன்ஸ்லாந்துக் கரையோரம் 2,300 கிலோமீட்டருக்கு, ஏறக்குறைய 2,900 தனித்தனிச் சுண்ணாம்புத் திட்டுகளாக இந்த ரீஃப் எழுந்து நிற்பது இந்தச் சாப்பாட்டின் பலத்தில்தான்.

அங்கே போனால் நீந்திக்கொண்டே இருக்காதீர்கள். ஓரிடத்தில் அசையாமல் மிதந்து காது கொடுங்கள். கறுக், கறுக் என்று கேட்கும். கிளிமீன் பாறையைக் கொறிக்கிற சத்தம் அது. மேலே படர்ந்த பாசியோடு சுண்ணாம்பையும் சேர்த்து அரைத்துத் தின்று, வெண்மணலாகக் கழித்துவிடும். என் கண்ணெதிரே ஒன்று மணலைத் தூவிக்கொண்டே போனது. சற்றுத் தள்ளி ஒரு ராட்சதச் சிப்பி. இந்த இனம் ஒரு மீட்டருக்கு மேல் வளரும், 200 கிலோவைத் தாண்டும். என் நிழல் பட்டதும் விளிம்புச் சதையைச் சுருக்கிக்கொண்டது. அந்தச் சதையிலும் நுண்பாசிதான் குடியிருக்கிறது.

பயப்பட வேண்டிய நிறம் வெள்ளை. கடல் அளவுக்கு மீறிச் சூடானால் பவளம் பாசியை வெளியேற்றிவிடும். கண்ணாடி போன்ற சதை வழியே உள்ளிருக்கும் சுண்ணாம்பு பளீரென்று தெரியும். உடனே செத்துவிடாது. சூடு சீக்கிரம் தணிந்தால் பாசி திரும்பும், வாரக்கணக்கில் நீடித்தால் பட்டினிதான். 2016, 2017, 2020, 2022, 2024 என்று பெரும் வெளிறல்கள் அடுத்தடுத்து வந்திருக்கின்றன. வேகமாக வளரும் கிளைப்பவளம் தேறவே பத்து வருடம் போலத் தேவை. இந்த வருடங்களைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

அப்புறம், அந்த முட்டையிடும் இரவு! அக்டோபருக்கும் டிசம்பருக்கும் இடையில், பௌர்ணமி கழிந்த சில நாளில், பவளங்கள் முட்டையும் விந்துவுமாக ஒரே நேரத்தில் கடலில் விடுகின்றன. விஞ்ஞானிகளே 1981-ல்தான் மேக்னெட்டிக் தீவருகே இதை முதன்முதலில் நேரில் பார்த்தார்கள். அதைப் பார்க்க இரவில் முக்குளிக்கத் தெரிய வேண்டும். இப்போது கற்றுக்கொண்டிருக்கிறேன்.