விறாந்தையில் பெய்த மழை

எனக்குப் பள்ளியில் படிப்பித்த சேர் காலமாகிவிட்டார் என்ற செய்தி ரொறன்ரோவில் பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு விடியற்காலையில் வந்தது. சங்க மலருக்குக் கட்டுரை கேட்ட செயலாளருக்கு மூன்று வாரமாகச் சாட்டுச் சொல்லிக்கொண்டிருந்த நான் அன்றே எழுத உட்கார்ந்தேன்.

1991. யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. ஒரு ஜாம் போத்தல் விளக்கில் நாலு பேர் படித்த காலம். 'மழைக்கால இரவு' என்று சேர் கட்டுரை தந்தார். 'வானமகள் கண்ணீர் வடித்தாள்' என்று தொடங்கி ஐந்து பக்கம் எழுதினேன். அவர் அதை வகுப்பில் உரத்து வாசித்தார். முதல் வரியிலேயே நிறுத்தி, "அவளுக்கு என்ன துக்கம், தம்பி?" என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. வரிக்கு வரி கேள்வி. கடைசியில், "உம்முடைய மழையில் ஒருவரும் நனையவில்லையே" என்று கொப்பியை மூடி, என்னை விறாந்தையில் போய் நிற்கச் சொன்னார்.

வெளியே மாரி மழை. அழுதேன். அழுகை அடங்கிய பிறகுதான் கண் தெளிந்தது. சைக்கிள் சீட்டுகளில் பொலித்தீன் பைகள். தண்ணீர்த் தாங்கியின் கீழ் ஒரு காலைத் தூக்கியபடி நின்ற நாய். ஓட்டு விளிம்பிலிருந்து விழுந்த நீர் மணலில் வரிசையாகக் குழி தோண்டியிருந்தது. மறுநாள் அரைப் பக்கம் எழுதிக் கொடுத்தேன். அந்தக் குழிகளின் கீழ் மட்டும் சேர் சிவப்புக் கோடு போட்டிருந்தார்.

பதினாறு வயதுப் பிள்ளையைப் பார்த்து வகுப்பை அப்படிச் சிரிக்க வைத்திருக்கக் கூடாது என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனாலும் நான் எழுதக் கற்றது அந்த விறாந்தையில்தான்.

இங்கே எழுதத் தொடங்கியிருக்கும் நம் பிள்ளைகளுக்கு அவர் சொன்னதையே சொல்கிறேன். எழுதியதை வாய்விட்டு வாசியுங்கள். மூச்சு முட்டுகிற இடத்தில் வசனத்தை முறியுங்கள். முதல் பந்தியை வெட்டிப் பாருங்கள். "அது வாசலில் செருப்புக் கழற்றுகிற இடம், வாசகரை அங்கே மறிக்காதேயும்" என்பார் சேர். தங்கள் தமிழ் போதாது என்று தயங்கியவர்களுக்கு எழுத்தாளர் டொமினிக் ஜீவாவைக் காட்டுவார். சலூனில் முடி வெட்டிய அந்தக் கைகள்தான் 1966 இல் 'மல்லிகை' இலக்கிய சஞ்சிகையைத் தொடங்கின; அதைத் தெருத்தெருவாகக் கொண்டுபோய் விற்றவையும் அவைதான். உங்களுக்குத் தெரிந்த தமிழில் தொடங்குங்கள், பிள்ளைகளே. எழுத எழுத மிச்சம் வந்து சேரும்.

1995 ஒக்டோபர் 30. இராணுவம் நெருங்கிவர, யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதியே ஊரைவிட்டு நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்த இரவு. அன்றும் மழை. குடிக்கத் தண்ணீர் இல்லாமல் சனங்கள் குடையை மல்லாத்திப் பிடித்து மழை நீரைச் சேர்த்தார்கள். அந்த நெரிசலில், கரியரில் தாயாரை இருத்திச் சைக்கிளை உருட்டிக்கொண்டு சேர் வந்தார். கொஞ்சத் தூரம் பக்கத்தில் நடந்தோம். "பார்த்துக்கொண்டு வாரும், தம்பி" என்றார். வழியைப் பார்த்து வரச் சொல்கிறார் என்றே அன்று நினைத்தேன்.

கனடா வந்த பிறகு அவரிடமிருந்து இரண்டு கடிதங்கள் வந்தன. இரண்டிலும் கடைசி வரி ஒன்றுதான்: "அந்த இரவை எழுதினீரா?" முதல் கடிதத்துக்கு வேலையையும் குளிரையும் எழுதி அனுப்பினேன். இரண்டாவதற்குப் பதில் போடவில்லை.

இப்போது எழுதுகிறேன். குடையில் தொடங்குகிறது. அது யாருடைய குடை, தண்ணீரை முதலில் யாருக்குக் கொடுத்தார்கள் என்பது நினைவுக்கு வரவில்லை. சேர் பக்கத்தில் நடந்தவர். கேட்டிருக்கலாம்.