கிடையிலிருந்து ஏழாம் வகுப்புக்கு

தஞ்சை டெல்டாவில் அறுவடை முடிந்த வயல்களில் எருவுக்காக ஆட்டுக்கிடை போடுவார்கள். அந்த ஆடுகளைப் பகலில் மேய்த்து இரவில் காவல் கிடக்க, 15,000 ரூபாய் முன்பணத்துக்கு ஈடாக ஒன்பது வயதில் அனுப்பப்பட்ட என் பழைய மாணவன் பன்னிரண்டு வயதில் மீட்கப்பட்டபோது, அவனை அடையாளம் சொல்லக் குழந்தைகள் நலக் குழு என்னை அழைத்தது. அன்று தொடங்கிய அலைச்சலை, இதே நிலையில் நிற்கும் ஆசிரியர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் பெற வேண்டியது, கொத்தடிமை நிலையிலிருந்து பிள்ளை விடுவிக்கப்பட்டதற்கான விடுதலைச் சான்று. எங்களுக்கு அது கிடைக்க நான்கு மாதங்கள் ஆயின. விசாரணைக்கு அழைத்த மூன்று முறையும் வெவ்வேறு அலுவலர்கள் தொடக்கத்திலிருந்தே கேட்டதால், மூன்றாம் முறை அவன் வாயே திறக்கவில்லை. முன்பு சொன்னதைப் பதிவிலிருந்தே எடுத்துக்கொள்ளுமாறு அதன் பிறகுதான் எழுதிக் கொடுத்தோம். முதல் நாளே அதைச் செய்யாதது இன்றும் எனக்கு வருத்தம்தான். உடனடி உதவியாக 30,000 ரூபாய் வந்தது. குழந்தைகளுக்கான 2 லட்சம் ரூபாய் மறுவாழ்வுத் தொகை வழக்கின் முடிவைச் சார்ந்தது என்பதால் இன்னும் காத்திருக்கிறோம்.

அந்த 30,000 ரூபாயில் பாதியைக் கிடைக்காரரிடம் திருப்பித் தர அவனுடைய அம்மா கிளம்பிவிட்டார். "வாங்கின காசை வச்சுக்கிட்டா பிள்ளைக்கு ஆகாது டீச்சர்" என்றார். கொத்தடிமைக் கடன் 1976-ஆம் ஆண்டுச் சட்டப்படி அழிந்துவிட்டது, அதற்காகப் பணம் வாங்குவதே குற்றம் என்று நான் சொன்னபோது அவர் முகத்தில் தெளிவு வரவில்லை. மூன்று ஆண்டுக் கூலியை நாள் கணக்கில் தாளில் எழுதிக் கூட்டிக் காட்டிய பிறகே பணப்பையை மூடினார். அப்போது அருகிலிருந்த பையன் மெல்லக் கேட்டான்: "தொலைஞ்ச குட்டிக்கு உள்ள காசு?" நரி தூக்கிய குட்டி ஒன்றை அவன் கணக்கில் எழுதியிருந்தார்கள் என்பதே அதுவரை எங்களுக்குத் தெரியாது.

நான்காம் வகுப்பில் உட்கார வைக்கலாம் என்று பள்ளியில் சிலர் சொன்னார்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு வயதுக்கேற்ற வகுப்பையும் தனிப் பயிற்சியையும் உறுதி செய்கிறது என்பதைச் சொல்லி, ஏழாம் வகுப்பில் சேர்த்தோம். வாசிப்பை மாலையில் தனியே கற்றுக்கொடுத்தோம். சுவருக்குள் இருப்பது அவனுக்கு மூச்சு முட்டியதால் கதவோரம் இடம் கொடுத்தேன். அவனுடைய பழைய வாழ்க்கையை வகுப்பில் யாருக்கும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

பள்ளி விடும் நேரத்தில் வாசலில் நின்று, வெளியேறும் பிள்ளைகளை இரண்டிரண்டாக உதடசைத்து எண்ணுவான். ஏன் என்று கேட்டதற்கு, "உருப்படி குறைஞ்சா அடி விழும்" என்றான். நிறுத்தச் சொல்லாமல், பல மாலைகள் நானும் அருகில் நின்றேன். இந்த ஜூலையில் ஒரு நாள் வாசலில் அவனைக் காணாமல் பதறித் தேடியபோது, மைதானத்தில் கபடிக்கு ஆள் பிரித்துக்கொண்டிருந்தான்.