எட்டு நாற்காலி

ஜூன் 3
என் கலை ஷோவுக்காக, நைட் ஷிஃப்ட்ல ஆபீஸ் கட்டடங்கள சுத்தம் பண்றவங்க 9 பேரோட குரல ரெக்கார்ட் பண்ணி முடிச்சாச்சு. ஆளுக்கொரு நாற்காலி, அடியில சின்ன ஸ்பீக்கர், குஷனுக்குள்ள ஒரு ஸ்விட்ச். உக்காந்தா பேசும், எழுந்தா நின்னுடும். சத்தம் வேணும்னேதான் கம்மி, சாஞ்சு அசையாம இருந்தாதான் கேக்கும். நின்னபடி போட்டோ எடுத்துட்டு போறவங்களுக்கு வெறும் நாற்காலிதான். இருக்கட்டும்.

ஜூன் 9
ஷோ நேரம் முழுக்க நான் தரைய துடைச்சுக்கிட்டே இருக்கணும், அதான் பெர்ஃபார்மன்ஸ். ப்ராக்டிஸ் பண்றத பாத்து ஒரு அக்கா சிரிச்சுட்டாங்க. "தம்பி, மாப்ப முன்னாடி தள்ளிட்டு போனா துடைச்ச எடத்தையே மிதிப்ப. பின்னால நடந்துக்கிட்டே எட்டு மாதிரி வளைச்சு இழு." அரை மணி நேரத்துல இடுப்பு விட்டுப்போச்சு. அவங்களுக்கு ராத்திரிக்கு ஆறு மாடி.

மியர்லே லேடர்மன் யூகலீஸ்னு ஒரு அமெரிக்கக் கலைஞர் 1979-80ல நியூயார்க்ல குப்பை அள்ளுற 8,500 பேரையும் தேடிப்போய் கை குலுக்கி நன்றி சொன்னாங்க. முதல்ல படிச்சப்போ இதுல என்ன கலைன்னு நெனச்சேன். இப்பதான் உறைக்குது, அவங்க வேலை செய்யற எடத்துக்கு, அவங்க நேரத்துக்கு இவங்க போனாங்க, மாசக்கணக்கா. ஒரு மத்தியானம் வொர்க்‌ஷாப் வெச்சு குரூப் போட்டோவோட கிளம்பறதுக்கும் நாம சமூகக் கலைன்னுதான் பேர் வெச்சிருக்கோம் (நானும் ரெண்டு வாட்டி பண்ணிருக்கேன்).

ஜூன் 17
ஷோ நடத்தறவங்க சொல்றாங்க, எனக்கு ஃபீஸ் உண்டாம், எலக்ட்ரீஷியனுக்கு உண்டாம், பேசினவங்களுக்கு சர்டிஃபிகேட்டாம்! சண்டை போட்டு ஓஞ்சு என் ஃபீஸ பத்தா பிரிச்சுட்டேன்.

ஜூன் 22
ஏழாவது நாற்காலி அக்கா போன் பண்ணாங்க. "நான் பேசுனத எடுத்துடு தம்பி. சூப்பர்வைசர பத்தி சொல்லிட்டேன், குரல வெச்சே கண்டுபுடிச்சுடுவாங்க." கையெழுத்து போட்ட ஃபார்ம் இருக்கேன்னு ஒரு நிமிஷம் தோணுச்சு, மறைக்கல, ஏன்னா இருக்கறதுலயே அதுதான் நல்ல ரெக்கார்டிங். குரல மாத்திப் போடட்டுமான்னேன். வேண்டாம்னுட்டாங்க. பேக்கப்லயும் அழிச்சேன்.

ஜூன் 23
தூக்கமில்ல. அந்த நாற்காலிய மட்டும் பேசாம விட்டா என்னன்னு ஒரே யோசனை. கொலம்பியா கலைஞர் டோரிஸ் சால்செடோ 2002ல அவங்க தலைநகர் பொகோட்டால நீதி மாளிகை சுவர்ல 53 மணி நேரமா 280 காலி நாற்காலிய இறக்கினாங்களே, 1985ல கெரில்லாக்கள் அந்த மாளிகைய பிடிச்ச முற்றுகைல செத்தவங்களுக்காக, அது மண்டைக்குள்ளயே ஓடுது. ஃப்ரெண்டுகிட்ட சொன்னா, "அது செத்தவங்களுக்கு. இவங்க உயிரோட இருந்து வேண்டாங்கறாங்க. காலியா ஒண்ணு கெடந்தா யாரோ பின்வாங்கிட்டாங்கன்னு ஊருக்கே தெரியும், அந்த சூப்பர்வைசருக்கும்தான்"னான். பதில் இல்ல எங்கிட்ட.

ஜூன் 24
நாற்காலி குடோனுக்கு போயிடுச்சு. எடைவெளி தெரியக்கூடாதுன்னு வரிசைய மாத்தி, தரையில ஒட்டின டேப்ப நகத்தால சொரண்டி எடுத்தேன். போஸ்டர்ல "9 குரல்கள்"னு அச்சாகிடுச்சு, நல்லவேளை வெளிய போகல. ஒவ்வொண்ணா 9 மேல "8"னு ஸ்டிக்கர் ஒட்டிட்டிருக்கேன்.

ஜூலை 20
ஷோ முடிஞ்சாச்சு. 22லேர்ந்து 24 வரைக்கும் எழுதினத அக்காகிட்ட படிச்சுக் காட்டிட்டுதான் இங்க போடறேன். நாற்காலி நம்பர மாத்துன்னாங்க, மாத்திட்டேன். சூப்பர்வைசர்னு இருக்கறதும் நிஜத்துல வேற ஆள்.