ஸ்காப்பா ஃபுளோ: குளிர்கடல் நாட்குறிப்பு

10 மே 2025, சனி. ஸ்ட்ரோம்னெஸ் துறை

ஸ்காட்லாந்துக்கு வடக்கே, ஆர்க்னித் தீவுகள் வளைத்துக்கொண்ட கடற்பரப்பு ஸ்காப்பா ஃபுளோ. முதல் உலகப் போர் முடிந்ததும் ஜெர்மனியின் 74 போர்க்கப்பல்கள் இங்கே கொண்டுவந்து நிறுத்தப்பட்டன. 1919 ஜூன் 21 அன்று அட்மிரல் லுட்விக் ஃபான் ராய்ட்டரின் உத்தரவுப்படி மாலுமிகளே தண்ணீரை உள்ளே விட்டார்கள். 52 கப்பல்கள் மூழ்கின. பழைய இரும்புக்காகப் பலவற்றைத் தூக்கிவிட்டார்கள். டைவ் செய்து பார்க்க மிச்சமுள்ள பெரிய கப்பல்கள் ஏழு: மூன்று பெரும் போர்க்கப்பல்கள், நான்கு குரூசர்கள் (அவற்றைவிடச் சிறிய, வேகமான போர்க்கப்பல்கள்).

தண்ணீர் 8 டிகிரி. இன்று முழுக்க டிரை சூட் (தண்ணீர் புகாத டைவ் உடை) வேலைதான். கழுத்து சீலுக்கு (தண்ணீரைத் தடுக்கும் இறுக்கமான ரப்பர் பட்டை) அடியில் நாலு முடி மாட்டினாலும், உள்ளுடையின் காலர் நூல் நுழைந்தாலும் தண்ணீர் அதைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஏறும். விரலைச் சீலுக்குள் விட்டு ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்க வேண்டும். மணிக்கட்டில் வேறு சிக்கல். கப்பலுக்கு இறங்கும் கயிற்றை இறுக்கிப் பிடித்தால் தசைநாண் புடைக்கும். அதன் இரு பக்கமும் வாய்க்கால் விழுந்து தண்ணீர் கசியும். இறங்கும்போது கயிற்றை விரல்களுக்குள் தளர்வாக ஓடவிட்டால் போதும். ஜிப்பின் கடைசி ஒரு சென்டிமீட்டரை உடன் வருபவர் இழுத்துப் பார்க்கட்டும், கண்ணால் பார்த்தால் மட்டும் போதாது. உள்ளே பருத்தி வேண்டவே வேண்டாம். நனைந்த பருத்தி உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும்.

11 மே, ஞாயிறு. கோல்ன்

முதல் டைவுக்கு இந்தக் குரூசரைத்தான் சொல்வேன். சுமார் 155 மீட்டர் நீளம். தரை 36 மீட்டரில், மேலே நிற்கும் இடப்பக்கம் ஏறக்குறைய 20 மீட்டரில். வலப்பக்கமாகச் சாய்ந்து படுத்திருப்பதால் டெக் (மேல்தளம்) சுவராக எழுந்து நிற்கிறது. புதிதாக வருபவர்கள் குழம்புவது இங்கேதான்: கதவு தரையில் கிடக்கும், தரை எதிரே நிற்கும். டெக்கைப் பார்த்தபடி மிதந்தால் அணியம் (கப்பலின் முன்முனை) உங்கள் வலக்கைப் பக்கம். இன்னொரு குரூசரான டிரெஸ்டன் இடப்பக்கம் படுத்த கப்பல், அங்கே அணியம் இடக்கைப் பக்கம். இந்த ஒன்றை மனதில் ஏற்றிக்கொண்டால், பத்து மீட்டர்கூடத் தெரியாத கலங்கலிலும் வழி தவறாது.

12 மே, திங்கள். காற்றுக் கணக்கு

குளிரில் ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றை மூச்சுக்குத் தரும் கருவி) உறைவது ஏன்? 200 பார் அழுத்தத்தில் இருக்கும் காற்று, சிலிண்டரில் மாட்டும் முதல் நிலையில் சுமார் 10 பாராக ஒரே மூச்சில் விரிகிறது. விரியும் காற்று குளிரும், உலோகம் பூஜ்யத்துக்குக் கீழே போகும். மூச்சின் ஈரம், வாயில் வைக்கும் இரண்டாம் நிலையின் நெம்புகோலில் பனியாகப் படியும், வால்வு மூடாது, காற்று கொட்டத் தொடங்கும். 36 மீட்டரில் ஒவ்வொரு மூச்சுக்கும் மேலே இழுப்பதைப்போல 4.6 மடங்கு காற்று ஓடுவதால் ஆபத்து அங்கேதான் அதிகம். படகின் மேல்தளத்தில், காற்று வீசும் இடத்தில் காற்றைத் திறந்துவிடும் பர்ஜ் பொத்தானை அழுத்திப் பார்க்கக் கூடாது. சூட்டுக்கும் விங்குக்கும் (முதுகில் இருக்கும் மிதவைப் பை) ஒரே நேரத்தில் காற்று விடக் கூடாது. குட்டிக் குட்டியாக விடணும். இரட்டைச் சிலிண்டரில் இரண்டு முதல் நிலைகள் வைத்து, சூட்டை ஒன்றிலும் விங்கை மற்றொன்றிலும் மாட்டுவது இதற்காகத்தான். கொட்டினால் மாற்று ரெகுலேட்டரை வாயில் வைத்துவிட்டு, கொட்டும் பக்கத்து வால்வை மூடவேண்டும். தடித்த கையுறையோடு தோளுக்குப் பின்னால் வால்வு எட்டுகிறதா என்று கரையிலேயே பார்த்துவிடுங்கள்.

மேலே திரும்பத் தொடங்க வேண்டிய காற்றின் அளவு: 2 × 12 லிட்டர் சிலிண்டர். கூட வருபவரின் காற்று தீர்ந்து இருவரும் பதற்றத்தில் ஆளுக்கு நிமிடத்துக்கு 30 லிட்டர் இழுப்பதாக வைத்துக்கொள்வோம். அடியில் ஒரு நிமிடம் 276 லிட்டர். நிமிடத்துக்கு 9 மீட்டர் வீதம் 4 நிமிட ஏற்றம் 672. ஆறு மீட்டரில் 5 நிமிட நிறுத்தம் 480. மொத்தம் 1,428, 24 லிட்டர் கொள்ளளவால் வகுத்தால் ஏறக்குறைய 60 பார். பாதுகாப்புக்கு 80 என்று எழுதிக்கொள்கிறேன். ஏற்றத்துக்குத் தொடாமல் வைக்கும் காற்று இது. கப்பலைச் சுற்றிப் பார்க்க அல்ல.

நைட்ராக்ஸில் (ஆக்சிஜன் கூட்டிய காற்று) 32 சதவீதம் ஆக்சிஜன் இங்கே ஒத்துவராது, ஆக்சிஜன் அழுத்தத்துக்கான 1.4 பார் வரம்புக்கு அது 33 மீட்டரோடு சரி. 28 சதவீதம் 40 மீட்டர் வரை செல்லும்.

14 மே, புதன். டிரெஸ்டன், மார்க்கிராஃப்

டிரெஸ்டனில் டெக் தகடுகள் உடலிலிருந்து உரிந்து தொங்குகின்றன. ரிவெட்டுகள் துருப்பிடித்துத் தேய்ந்துவிட்டன, செங்குத்தாக நிற்கும் தகட்டைப் புவியீர்ப்பு கீழே இழுக்கிறது. தொங்கும் தகட்டுக்கு அடியில் போகவே கூடாது. நாம் விடும் குமிழியே மேலே முட்டித் துருவை உதிர்க்கும்.

பெரும் போர்க்கப்பலான மார்க்கிராஃப் 45 மீட்டரில் தலைகீழாகக் கிடக்கிறது. பீரங்கிக் கோபுரங்களின் பாரம் மேலே இருந்ததால் கவிழ்ந்தது. இப்போது மொத்த உடலும் தன் மேல்கட்டுமானத்தையே நசுக்கிக்கொண்டிருக்கிறது. உள்ளே போகும் ஆசையை விட்டுவிட்டு, வளைந்த அடிப்பாகத்தின் ஓரமாகப் போவதே நல்லது. இங்கே நைட்ராக்ஸ் கலவையில் ஆக்சிஜன் 25 சதவீதம்.

ஏழு கப்பல்களும் 2001 முதல் பாதுகாக்கப்பட்ட சின்னங்கள். ஒரு போல்ட்டைக்கூட எடுக்கக் கூடாது. 1939இல் நூற்றுக்கணக்கானோருடன் மூழ்கிய பிரிட்டிஷ் போர்க்கப்பல் ராயல் ஓக்கில் டைவுக்கே தடை. அது கல்லறை, பக்கத்தில்கூடப் போகக் கூடாது.

15 மே, வியாழன். பர்ரா சவுண்ட்

நீர்மூழ்கிகளைத் தடுக்க பிரிட்டன் தானே மூழ்கடித்த டபார்க்கா, டாயில், கொபெர்னடோர் போரியெஸ் ஆகிய கப்பல்கள் இந்த நீரிணையில் உள்ளன. ஆழம் இருபது மீட்டருக்குள், தண்ணீர் தெளிவு. ஆனால் நீரோட்டம் கொடூரம், ஓட்டம் நிற்கும் சிறு இடைவெளியில் மட்டுமே இறங்க முடியும். டபார்க்காவுக்குள் கூரையாகக் கவிழ்ந்த அடிப்பாகத்தின் இடைவெளி வழியே பச்சை வெளிச்சம் விழுகிறது. கெல்ப் (பெரிய கடற்பாசி) இலைகள் சாயத் தொடங்கினால் ஓட்டம் மீண்டும் தொடங்குகிறது, பார்ப்பதை நிறுத்திவிடணும். வெளியே வந்து மிதவையை மேலே விடணும். அதன் நூல் சுற்றிய ரீல் சிக்கினால் ரீலைக் கையிலிருந்து விட்டுவிடுங்கள், பிடித்துத் தொங்கினால் அது மேலே இழுத்துப்போகும். படகு, நீரோட்டம் போகும் திசையிலேயே காத்திருக்கும்.