ஈர மண்

"களிமண்ணை முழுக்கக் காயவைக்காமல் விடலாம் என்று எப்படித் தோன்றியது?" எங்கள் காப்புரிமை மேல்முறையீட்டுக்கு முன் வீடியோவில் வழக்கறிஞர் கேட்டார். "தற்செயல்தான்" என்றேன். 3 வருடமாக அந்தச் சொல்லைத்தான் மென்றுகொண்டிருக்கிறேன்.

தற்செயல் இல்லை. களிமண்ணால் எண்ணெயின் நிறத்தை எடுக்கும் பிளீச்சிங் பிரிவு அண்ணன் சொன்னது. ஓலிக் அமிலத்தை மாண்ட்மோரிலோனைட் களிமண்ணோடு சூடாக்கி டைமர் அமிலம் (இரண்டு மூலக்கூறு ஒன்றாக இணைந்தது) எடுக்கப் பார்த்துக்கொண்டிருந்தோம். நான் மண்ணை வறுத்து வறுத்து வைப்பேன், விளைச்சல் ஏறாது. அவர் ஒரு சிட்டிகை எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்தார். "ரொம்ப வறுத்துட்ட தம்பி. இது எண்ணெயில நிறம்கூட எடுக்காது. கொஞ்சம் ஈரம் இருக்கட்டும்." சரியான பேச்சு. நீர் முழுக்கப் போனால் மண்ணின் அடுக்குகள் ஒட்டிக்கொள்ளும். இடுக்கில் நிற்கும் கொஞ்ச நீர்தான் அமிலத்தன்மைக்கே கைகொடுக்கிறது.

அமெரிக்காவில் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. 1950களின் காப்புரிமைகளிலேயே களிமண்ணோடு சிறிது நீர் சேர்த்திருக்கிறார்கள், அளவை மாற்றிப் பார்ப்பது யாருக்கும் தோன்றும் என்றார் பரிசோதகர். பலன் எதிர்பாராதது என்பது எங்கள் வாதம். துறை தெரிந்த சாதாரண ஆளுக்குத் தோன்றியிருக்குமா என்பதுதான் அங்கே கேள்வி. அண்ணனைச் சொன்னால் தோன்றியது என்று நாங்களே எழுதிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும் என்று பயந்தேன். (30 வருடம் மண்ணோடு நின்றவர் சாதாரண ஆளா என்பது வேறு விஷயம்.)

பிறகுதான் அமெரிக்கக் காப்புரிமைச் சட்டத்தைப் படித்தேன். 103ஆம் பிரிவின் கடைசி வரி: எந்த வழியில் கண்டுபிடித்தார்கள் என்பதை வைத்துக் காப்புரிமையை மறுக்கக் கூடாது. அப்படியென்றால் சொல்லியிருக்கலாம். ஆனால் சொல்லியிருந்தால், கண்டுபிடித்தவர்கள் பட்டியலில் அவர் பெயர் ஏன் இல்லை என்று அடுத்த கேள்வி வந்திருக்கும். உண்மையில் நான் பயந்தது அதற்குத்தானோ? அப்படியும் சொல்ல மாட்டேன். ஈரம் எவ்வளவு என்று 40 தடவை ஓட்டிப் பார்த்தவன் நான். ராத்திரி ரியாக்டர் பக்கத்தில் உட்கார்ந்தவனும் நான்தான். அவர் சொன்னது ஒரு வாக்கியம். அந்த ஒரு வாக்கியம் இல்லாமல் 40 தடவை ஓட்டியிருப்பேனா, அதுதான் தெரியவில்லை.

3 நீதிபதிகள், மேல்முறையீடு தள்ளுபடி. என் பொய்யால் நயா காசுக்குப் பிரயோஜனமில்லை.

போன வாரம் இங்கே மலேசியாவில், பந்திங் ஒட்டுக்கடையில் அண்ணனைப் பார்த்தேன். "நம்ம மண்ணு கேஸு என்னாச்சு தம்பி?"

"தோத்துட்டோம் அண்ணே."

"இதெல்லாம் தெரிஞ்ச விஷயந்தானே, இதுக்கு எதுக்குக் கேஸு" என்று கோப்பியை ஆற்றினார். இரண்டு பேருக்கும் சேர்த்து நான்தான் காசு கொடுத்தேன்.